மே மாதத்தில் தாத்தார் கிராமத்துக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ரஷ்யாவில் காஸானிலோ உஃபாவிலோ பெர்மிலோ படித்துக்கொண்டு, மே மாத விடுமுறைக்குத் தெரிந்தவர் யாருடைய கிராமத்துக்காவது போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போங்கள், ஹாஸ்டலில் வருடக்கணக்கில் இருந்தும் தெரியாத விஷயங்கள் அங்கே நாலு நாளில் தெரிந்துவிடும். ஆனால் கிளம்பும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிற சில விஷயங்கள் உண்டு, முக்கியமாக உண்ணிக்கடி பற்றி. இது 2023 மே மாதம் நடந்தது. அப்போது நான் காஸானில் பெட்ரோலியப் புவியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இதில் பாதியைப் பாடத்திலேயே படித்திருப்பார்கள், மற்றவர்களுக்குத்தான் இது புதுசு. ரஷ்யா வரும்போது சீனியர்கள் சொன்னதெல்லாம் குளிரைப் பற்றி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பதைப் பற்றி, பனிக்கட்டியில் வழுக்காமல் நடப்பதைப் பற்றி. பனி உருகிய பிறகு புல்லுக்குள்ளிருந்து என்ன வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பாறை மாதிரிகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தார் அம்மா ஒருவர் இருக்கிறார். தாத்தார்கள் இந்தப் பக்கத்தில் வாழும், தனி மொழி உள்ள மக்கள். அவர்களிடம் வயதில் மூத்த பெண்ணை அபா என்றுதான் கூப்பிட வேண்டும், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய வயதான அம்மா காமா நதியின் வலது கரையில், ரிப்னயா ஸ்லபதா மாவட்டத்து ஊர் ஒன்றில் தனியாக இருக்கிறார். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சில நூறு பேர் இருக்கும் இடம், ஊரைச் சொன்னால் வீட்டைச் சொன்ன மாதிரி. அந்த வருடம் மே 6 முதல் 9 வரை சேர்ந்தாற்போல் விடுமுறை. உருளைக்கிழங்கு நட ஆள் வேண்டும், வருகிறாயா என்று அபா கேட்டார். எனக்கும் ஹாஸ்டல் சமையலறையை விட்டு எங்காவது போனால் போதும் என்றிருந்தது. சரி என்று கிளம்பிவிட்டேன்.

காமாவை நதி என்று நினைத்துக்கொண்டு போனால் கரையில் நின்று கொஞ்சம் குழம்பிப்போவீர்கள். வோல்கா மேல் ஷிகுலி மலைப் பக்கம் அணை கட்டி 1955 முதல் 1957 வரை நீரைத் தேக்கியபோது, குய்பிஷெவ் நீர்த்தேக்கம் காமாவுக்குள்ளும் வெகுதூரம் ஏறி வந்துவிட்டது. எதிர்க்கரை ஒரு மங்கலான கோடாகத்தான் தெரியும். வீட்டுப் பாட்டியை நான் எபி என்று கூப்பிட்டேன், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது புல் அறுக்கப் போன தாழ்வான மேய்ச்சல் நிலம் முழுக்க இப்போது தண்ணீருக்கு அடியில். அதோடு முடியவில்லை. கரை செங்குத்தான களிமண், அலை அடித்து அடித்து வருடா வருடம் கொஞ்சம் சரிகிறது. கடைசி வீட்டுத் தோட்டத்தின் வேலிக்கம்புகள் இரண்டு, மண்ணே இல்லாமல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கரை விளிம்பில் நின்று படம் எடுக்க ஆசை வரும், வேண்டாம். மேலே புல் கெட்டியாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. ஊர்ப் பிள்ளைகளே விளிம்பிலிருந்து தள்ளித்தான் நிற்கிறார்கள்.

ஊர் என்றால் ஒரே நீளத் தெரு, அதிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் இரண்டு சந்து. மர வீடுகள், ஜன்னல் சட்டங்களுக்கு நீலமும் பச்சையும் வெள்ளையுமாகச் செதுக்கு வேலை. எரிவாயுக் குழாய் மண்ணுக்குள் போகாமல் மஞ்சள் பெயின்ட் அடித்துத் தெருவோரமாகவே ஓடுகிறது, ஒவ்வொரு வாசலுக்கும் மேலே ஏறி வளைந்து இறங்குகிறது. நடுவில் பச்சைக் கூரைப் பள்ளிவாசல், ஒரு கடை, ஒரு சுகாதார நிலையம், போரில் போனவர்களின் பெயர்கள் செதுக்கிய ஒரு தூண். அவ்வளவுதான். பேச்செல்லாம் தாத்தாரில். என்னைக் கண்டதும் ரஷ்யனுக்கு மாறிவிடுவார்கள், இரண்டு வாக்கியம் கழித்து மறந்துபோய் மறுபடி தாத்தாருக்கே போய்விடுவார்கள். என் ரஷ்யன் பல்கலைக்கழகத்து ரஷ்யன், மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் அதில் வார்த்தை கிடையாது. எபிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "உலிம், சாப்பிடு" என்பதற்கு மொழி எதற்கு? மகனே என்று கூப்பிட்டுக்கொண்டே தட்டை நிரப்புகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. டீ பால் ஊற்றித்தான் குடிப்பார்கள், நமக்கு ஆறுதல். கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பச்சையாகவே உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சுடும் எச்போச்மாக் சூடாக வரும்போது மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் சாறு ஊற்றித் தருவார்கள். கோழிச்சாற்றில் கையால் நறுக்கிய நூடுல்ஸ் போட்ட சூப் தினமும் உண்டு. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் அவர்கள் தவித்துப்போகிறார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். நல்ல டீத்தூளும் மிட்டாயும் போதும். நான் வீட்டிலிருந்து வந்த முறுக்கையும் கொண்டுபோயிருந்தேன், எபிக்குப் பல் வேலை செய்யவில்லை, டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டார். முக்கியமான ஒன்று, பச்சைப் பால் தருவார்கள், குறிப்பாக ஆட்டுப்பால் உடம்புக்கு நல்லது என்று. காய்ச்சித்தான் குடிப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

முதல் இரண்டு நாள் உருளைக்கிழங்கு. ஒருவர் குழி வெட்ட, ஒருவர் முளைவிட்ட கிழங்கைப் போட, அடுத்த குழியின் மண்ணை முந்தைய குழியில் தள்ளுவது. இடுப்பு கழன்றுவிடும், ஆனால் சந்தோஷமான வேலை. 7ஆம் தேதி இரவே அபாவுக்கு நகரத்தில் வேலை வந்துவிட்டதால் அவர் காரில் கிளம்பிவிட்டார், நீ 9ஆம் தேதி விழாவைப் பார்த்துவிட்டு 10ஆம் தேதி பஸ்ஸில் வா என்றார். மறுநாள் எபி வீட்டின் மேய்ச்சல் முறை. அந்த ஊரில் தனியாக மேய்ப்பர் யாரும் இல்லை, மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் முறை வைத்து ஊர் மந்தையை ஒரு நாள் மேய்த்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்து வீட்டு அபிய், அதாவது அண்ணன், எபிக்காகப் போவதாக ஏற்பாடு. நானும் கூடப் போனேன். காலையில் வாசல்கள் திறக்க, மாடுகள் ஒன்றொன்றாகத் தெருவில் சேர, ஆற்றோரமாக ஓடைப் பள்ளம் வரை நடந்தோம். போன வருடத்துக் காய்ந்த புல் முழங்கால் உயரம், அதற்குள்ளிருந்து புதுப்புல் எட்டிப்பார்க்கிறது. பிர்ச் மரங்களுக்கு அப்போதுதான் இலை விட்டிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தும் படுத்தும் கதை பேசியும் கழித்தோம். எங்கள் வீட்டிலும் மாடு உண்டு, அதனால் எனக்கு அது ஊர் ஞாபகமாகவே இருந்தது.

சாயங்காலம் முன்ச்சா, அவர்களுடைய மர வெந்நீர்க் குளியலறை. அங்கேதான் பார்த்தேன். இடது முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், எள்ளு அளவுக்கு ஒரு கறுப்பு. மச்சம் என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. இன்னும் குனிந்து பார்த்தால் கால்கள் தெரிகின்றன. உண்ணி. சின்ன வயதில் மாட்டின் காதிலிருந்து எத்தனையோ உண்ணிகளைப் பிடுங்கி நசுக்கியிருக்கிறோம், அதனால் பயமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்து எபியிடம் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிறு கலங்கியது. உடனே போனை எடுத்து யாரிடமோ தாத்தாரில் படபடவென்று பேசினார். கால் மணி நேரத்தில் சுகாதார நிலையத்து அம்மா ரப்பர் பூட்ஸும் வீட்டு உடையுமாக வந்துவிட்டார். விடுமுறை நாள், நிலையம் பூட்டியிருக்கிறது, ஆனாலும் வந்தார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் அதையே செய்யுங்கள். எண்ணெய் தடவவில்லை, நெருப்பு காட்டவில்லை, வெறும் விரலால் பிடிக்கவில்லை. தையல் நூலை எடுத்து, உண்ணியின் வாய் தோலுக்குள் போகும் இடத்தில் சுருக்குப் போட்டு, வயிற்றை அழுத்தாமல் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்து இழுத்தார். முழுசாக வந்தது, உயிரோடு. கடித்த இடத்தில் அயோடின் வைத்தார். அப்புறம் நான் அதை நசுக்கக் கையை நீட்டினேன், கையில் ஒரு அடி விழுந்தது. சின்ன மூடி போட்ட பாட்டிலில் ஈரப் பஞ்சைப் போட்டு உண்ணியை அதில் விட்டு மூடி, மேலே தேதியும் நேரமும் எழுதி என் கையில் கொடுத்தார். இதைத் தொலைக்காதே, ஆய்வகத்தில் இதைத்தான் சோதிப்பார்கள், உன் ரத்தத்தை இப்போது சோதித்து ஒன்றும் தெரியாது என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை இரவு முழுக்க போனில் படித்தேன். அந்தப் பக்கத்து உண்ணிகள் முக்கியமாக இரண்டு நோய்களைக் கொண்டுவரலாம். ஒன்று மூளைக்காய்ச்சல், வைரஸ். வந்துவிட்டால் அதற்கென்று மருந்து கிடையாது, பக்கவாதத்தில் விடலாம், உயிரும் போகலாம். இன்னொன்று லைம் நோய், பொரேலியா என்கிற பாக்டீரியாவால் வருவது, ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் போய்விடும். மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றிய ஆட்டின் பச்சைப் பால் வழியாகவும் வரும், பாலைக் காய்ச்சச் சொன்னது அதற்காகத்தான். நமக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத வெளிநாட்டு நோய் என்று நினைக்காதீர்கள், கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதுதான், இந்த வைரஸுக்குப் பங்காளிதான். எல்லா உண்ணியிலும் நோய் இருக்காது, பெரும்பாலானதில் இருக்காது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் படுத்துக்கொண்டு, ஜன்னலில் வைத்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கெல்லாம் மனசில் ஏறாது. வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது?

மூளைக்காய்ச்சலைத் தடுக்க ஒரு ஊசி இருக்கிறது, இம்யூனோகுளோபுலின், அதாவது அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள். கடித்ததிலிருந்து 96 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லி. ஊர் சுகாதார நிலையத்தில் அது இல்லை. என் உண்ணி காலையில் ஏறியதா மாலையில் ஏறியதா என்று எனக்கே தெரியாது, அதனால் காலையிலிருந்தே கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் அடி இன்ஷூரன்ஸ். வெளிநாட்டு மாணவர் எல்லாரும் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு என்னிடமும் இருந்தது, வருடா வருடம் பணம் கட்டுகிறேன். இரவே கூப்பிட்டேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள், அப்புறம் ஒரு பெண் வந்து பாலிசி எண்ணைக் கேட்டுவிட்டு, உங்கள் பாலிசியில் உண்ணிக்கடி சேராது, அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ரஷ்யர்களும் தாத்தார்களும் ஏப்ரலிலேயே குடும்பத்தோடு எடுத்துவிடுகிறார்கள், ஊசிக்கு ஆகும் பணத்தோடு பார்த்தால் அது சில்லறை. ஆன்லைனிலேயே எடுக்கலாம். ஆனால் எடுத்த அன்றே அமலுக்கு வராது, சில நாள் கழித்துத்தான் தொடங்கும், கடித்த பிறகு எடுத்துப் பிரயோஜனமில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் உங்கள் பாலிசித் தாளை எடுத்து அதில் உண்ணி என்ற வார்த்தை எந்தப் பக்கம் வருகிறது, தருவோம் என்கிற பட்டியலிலா தரமாட்டோம் என்கிற பட்டியலிலா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, ஊரைவிட்டு வெளியே வருவது. 9ஆம் தேதி வெற்றி நாள், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை வென்றதைக் கொண்டாடும் நாள். காலையில் தூணுக்கு முன்னால் ஊரே கூடியது. அந்தச் சின்ன ஊருக்கு அந்தப் பெயர்ப் பட்டியல் மிக நீளம், ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை, ஐந்து தடவை வருகிறது. ஒரு கிழவர் அதில் ஒரு பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றார். அதைப் பார்க்கத்தான் நான் தங்கியிருந்தேன், ஆனால் என் மனசு பஸ் நிறுத்தத்தில் இருந்தது. பஸ் வரவில்லை. விடுமுறை நாளில் அந்த வழித்தடம் ஓடாது என்று பலகையில் போட்டிருக்கவும் இல்லை. ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விடலாமே, கரையெல்லாம் படகு கிடக்கிறதே என்று கேட்டேன். வசந்தத்தில் மீன் முட்டையிடும் காலம், ஜூன் தொடக்கம் வரை மோட்டார் படகுக்குத் தடை, மாட்டினால் அபராதம், படகும் போய்விடும் என்றார்கள். படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்ததன் காரணம் அதுதான். கடைசியில் மந்தைக்குக் கூட வந்த அந்த அண்ணன், விழா முடிந்த கையோடு தன் பழைய நீவா காரை எடுத்தார். பெட்ரோல் காசைக்கூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார், எபி முறைத்தபிறகும்.

மாவட்டத் தலைநகரில் மருத்துவமனை திறந்திருந்தது, அவசரப் பிரிவில் ஆள் இருந்தார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். பாஸ்போர்ட், மைக்ரேஷன் கார்டு, பதிவுச் சீட்டு, பாலிசி எல்லாம் கேட்டார்கள். எல்லாமே அசல் என் பையில் இருந்தது, அது ஒன்றுதான் அன்று எனக்குச் சாதகம். ஆனால் இலவசமாகப் போட முடியாது, பணம் கட்ட வேண்டும். பணம் கட்டும் ஜன்னலோ விடுமுறைக்கு மூடியிருக்கிறது. பணம் கட்டாமல் மருந்தை எடுக்க முடியாது, ஜன்னல் திறக்காமல் பணம் கட்ட முடியாது. நான் கையில் ரொக்கம் தருகிறேன் என்றேன், அந்த நர்ஸ் பாவம், எனக்கு ரசீது போட அதிகாரம் இல்லையே என்றார். நாளை காலை வா அல்லது காஸானுக்குப் போ. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இந்தப் பூமியில் நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது தெரியுமா என்று கொஞ்ச நேரம் வெறுத்துப்போய் இருந்தேன். அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ரொக்கம் என்றது எபியின் காசு. 2022 மார்ச்சிலிருந்து நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் வேலை செய்யாது, இது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என்னிடம் உள்ளூர் மீர் கார்டு இருந்தது, ஆனால் அதில் பணம் கொஞ்சம்தான். வீட்டிலிருந்து வர வேண்டியது நீண்ட விடுமுறையில் நடுவழியில் நின்றுவிட்டது. கிளம்பும்போது எபி பீரோவிலிருந்து துணியில் சுற்றிய நோட்டுகளை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தார், எண்ணக்கூட விடவில்லை. அந்த வயதில் அவருடைய பென்ஷன் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது திரும்பும் டாக்ஸிச் செலவுக்கும் ஒரு மருத்துவச் செலவுக்கும் ஆகும் ரொக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கடையில் கார்டு மெஷின் இருக்கும், ஏடிஎம் இருக்காது.

பஸ் இல்லை என்றதும், காரில் காலி இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ப்ளாப்ளாகார் செயலியில் தேடினேன். விடுமுறை முடிந்து நகரம் திரும்பும் கார்கள் நிறைய, சாயங்காலத்துக்குள் ஒரு இடம் கிடைத்தது. காஸான் போய்ச் சேர்ந்து, எலும்பு முறிவு, காயம் பார்க்கும் அவசரப் பிரிவு ஒன்றுக்கு நேராகப் போனேன். நகரத்தில் உண்ணிக்கடிக்கும் அங்கேதான் போக வேண்டும். ஆய்வகம் அன்று மூடியிருந்தது. வழக்கமாக முதலில் உண்ணியைச் சோதித்து, அதில் வைரஸ் இருந்தால்தான் ஊசி போடுவார்கள். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். என் எடைக்கு ஏழு மில்லி, ஒரு மில்லி ஆம்பூல் ஏழு. ஒவ்வொன்றாக உடைத்து ஊசியில் ஏற்றுவதை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேல். பார்க்கும் கட்டணம், கார், பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபிளுக்குப் பக்கத்தில் வந்தது. அப்போது ஒரு ரூபிளும் ஒரு ரூபாயும் கிட்டத்தட்ட சமம், அதனால் மாற்றிக் கணக்குப்போட வேண்டாம். ஒரு மாணவனுக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் மேல்.

மறுநாள் காலையில் பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்தேன். உண்ணி அதுவரை உயிரோடுதான் இருந்தது, அதில் ஒரு கோபமும் வந்தது. அடுத்த நாள் முடிவு வந்தது. மூளைக்காய்ச்சல் வைரஸ் இல்லை. பொரேலியா இருக்கிறது. முதல் வரியைப் படித்து மூச்சு விட்டதும் இரண்டாவது வரி. ஊசி பொரேலியாவுக்கு ஒன்றும் செய்யாது, அது வேறு. மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார், 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றார், என் கணக்குப்படி அதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. வெறும் வயிற்றில் போடாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், போட்டதும் படுக்காதீர்கள், தொண்டையிலேயே எரியும். வெயிலும் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை சரிவராது, கட்டாயம் மருத்துவரைக் கேட்டுத்தான். உண்ணியைத் தூக்கி எறிந்திருந்தால் இந்த பொரேலியா விஷயம் எனக்குத் தெரியவே வந்திருக்காது, அந்த சுகாதார நிலையத்து அம்மாவுக்கு என் கடன் அது.

அதற்குப் பிறகுதான் மோசமான பகுதி, காத்திருப்பது. கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்துகொண்டே போகிறதா என்று ஒரு மாதம் வரை பார்க்க வேண்டும். நம் தோல் நிறத்தில் அந்த வட்டம் புத்தகத்தில் இருக்கிற படம் மாதிரி சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் காயம் பட்டு மங்கிய மாதிரிதான் இருக்கும். இதை எந்த ரஷ்யத் துண்டுப் பிரசுரமும் சொல்லவில்லை. தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போனில் படம் எடுத்துவைத்து ஒப்பிட்டேன், அது உதவியது. காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு எது வந்தாலும் உடனே போகச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ தேர்வுக்குப் படித்த தலைவலி தினமும் வரும். ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர். பொரேலியா எதிர்ப்புப் பொருளுக்கான ரத்தச் சோதனையை மூன்று வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் செய்தால் காசுக்குத்தான் கேடு. செய்தேன், ஒன்றும் இல்லை. இதற்கிடையில் அலைச்சலில் ஒரு தேர்வு தவறியது, மருத்துவச் சீட்டைக் காட்டி மறுபடி எழுத செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கே போனாலும் தேதியும் முத்திரையும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வேறு ஊரில் தங்கினால், போய்ச் சேர்ந்ததிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் வீட்டுக்காரர் உங்களைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. நாலைந்து நாளில் திரும்பிவிட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் போன தேதிக்கு அத்தாட்சியாக டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, கிளம்பும் முன் உங்கள் பல்கலைக்கழகத்து விசா அலுவலகத்தில் கேளுங்கள்.

உடை பற்றி அண்ணன் பிறகு போனில் சொன்னது. வெளிர் நிற உடை, அப்போதுதான் மேலே ஏறுவது தெரியும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருக வேண்டும், சட்டையைப் பேன்ட்டுக்குள். உண்ணி மரத்திலிருந்து குதிக்காது, புல்லிலிருந்து தொற்றிக்கொண்டு மேலேதான் ஏறும். கால் மணிக்கு ஒரு தடவை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் இரண்டு வகை ஸ்ப்ரே உண்டு, ஒன்று உண்ணியை விரட்டும், இன்னொன்று கொல்லும். கொல்லும் வகையைத் தோலில் அடிக்கக் கூடாது, உடையைக் கழற்றி அதன் மேல் அடித்து, காயவைத்துப் போட வேண்டும். வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, அரிக்கவும் அரிக்காது.

எபியின் பணத்தை ஜூனில் நேரில் போய்த் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்து, அப்புறம் வாங்கி, அதற்கு ஈடாக ஒரு பை நிறைய உருளைக்கிழங்கும் ஒரு ஜாடி ஜாமும் ஏற்றிவிட்டார். கிழங்குச் செடி முழங்கால் அளவு வந்திருந்தது, அதைப் பார்க்கக் கூப்பிட்டபோது நான் சாக்ஸைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டே போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்தக் குளிர்காலத்தில் தடுப்பூசியைத் தொடங்கினேன். முதல் ஊசி நவம்பரில், இரண்டாவது மார்ச்சில், பனி உருகுவதற்கு முன்னால் இரண்டும் முடிந்துவிட வேண்டும், மூன்றாவது ஒரு வருடம் கழித்து. அவசரத்துக்கு இரண்டு வார இடைவெளியில் போடும் முறையும் உண்டு, ஆனால் அதற்கு மே வரை காத்திருக்காதீர்கள். இந்தத் தடுப்பூசி மூளைக்காய்ச்சலுக்கு மட்டும்தான், பொரேலியாவுக்கு இல்லை, அதனால் ஊசி போட்டவர்களும் சாக்ஸைச் செருகத்தான் வேண்டும், உண்ணியைப் பாட்டிலில் போடத்தான் வேண்டும்.